விண்மீன் விதியன்று, மைல்கல்
வானநூல் பயிலத் தொடங்குவோர்க்கு ஒரு முதற்பாடம்



இரவில் வெளியே வந்து தலையை நிமிர்த்திப் பார்க்கும் எவர்க்கும் வானம் காட்சி தருகின்றது. அதனைக் காண்பதற்குக் கட்டணம் இல்லை. குலம் கேட்பாரும் இல்லை. எனினும், அவ்வானத்தைப் பற்றிய அறிவு மட்டும் நெடுங்காலம் சிலருடைய கைப்பொருளாகவே இருந்து வந்தது. பஞ்சாங்கத்தைக் கையில் வைத்திருந்தவர் சொன்னார், ஏனையோர் கேட்டனர். நல்ல நாள் எது, கெட்ட நாள் எது, எவ்வீட்டுப் பெண் எவ்வீட்டிற்கு ஆகாள் என்பதையெல்லாம் அவர் சொல்லியே நாம் கேட்டோம். பழைய வழக்கங்கள் பலவற்றை விட்டொழித்த பின்னரும், நம் வீடுகள் சிலவற்றில் ஜாதகக் கட்டு மட்டும் பெட்டியின் அடியில் இன்னும் கிடக்கின்றது. திருமணப் பேச்சு எழுந்தவுடன் அஃது வெளியே வருகின்றது. 'பெண் மூலம் நிர்மூலம்' என்று யாரோ ஒருவர் சொல்ல, நற்குணமும் கல்வியும் உடைய பெண் ஒருத்தி ஆண்டுக்கணக்கில் தலைகுனிந்து நிற்கின்றாள்.

மூலம் என்பது யாது? அஃது எங்கே இருக்கின்றது? எவ்வளவு தொலைவில் இருக்கின்றது? இவ்வினாக்களைப் பெற்றோரும் கேட்பதில்லை. பழமொழியைச் சொன்னவரும் எண்ணிப் பார்ப்பதில்லை. அவற்றுக்கு விடை காணும் வழியிலேயே வானநூலின் தொடக்கப் பாடங்கள் யாவும் அடங்கியுள்ளன.

பௌத்த நூல்களில் விண்மீன்களைப் பற்றி இருவகைச் செய்திகள் காணப்படுகின்றன. காட்டில் வாழும் பிக்குகள் விண்மீன்களின் நிலைகளையும் திசைகளையும் கற்றிருத்தல் வேண்டும் என்று வினய பிடகத்தின் சுள்ளவக்கம் கூறுகின்றது. கிரகணத்திற்கும் கோள்களின் நடைக்கும் பலன் சொல்லிப் பிழைத்தலைத் தீக நிகாயத்தின் முதற் சூத்திரமாகிய பிரமசால சூத்திரம் இழிந்த பிழைப்புகளுள் ஒன்றாக எண்ணுகின்றது. விண்மீனைக் கற்றல் வேறு. விண்மீனை விற்றல் வேறு. நாம் கற்கப் புகுவோம்.

1. நிழல் கூறும் செய்தி

பாடத்தை நம் காலடியிலிருந்து தொடங்குதல் நன்று. பெங்களூரில் வாழ்வோர் ஆண்டில் இருமுறை ஒரு வியப்பைக் காணலாம். ஏப்ரல் 24 ஆம் நாளை ஒட்டியும், ஆகஸ்டு 18 ஆம் நாளை ஒட்டியும், நண்பகலில் சமமான தரையில் ஒரு கோலைச் செங்குத்தாக நிறுத்தினால் அதன் நிழல் எப்பக்கமும் சாய்ந்து விழாது. சூரியன் நேர் உச்சியில் நிற்பதே காரணம். ஏப்ரலில் இது பகல் 12 மணி 17 நிமிட அளவிலும், ஆகஸ்டில் 12 மணி 24 நிமிட அளவிலும் நிகழும். கடிகாரம் 12 காட்டும்போதே நிகழாதது ஏன்? இந்தியாவின் பொதுநேரம் மிர்ஜாபூரை ஒட்டிச் செல்லும் 82½ பாகைத் தீர்க்கக் கோட்டைக் கொண்டு கணிக்கப்படுகின்றது. பெங்களூர் அதற்கு மேற்கே ஏறக்குறைய 5 பாகை தள்ளியுள்ளது. ஒரு பாகைக்கு 4 நிமிடமாக, சூரியன் இங்கே பிந்தி உச்சிக்கு வருகின்றது.

அதே ஏப்ரல் நாளில், நண்பகலில், மதுரையில் ஒரு மீட்டர் உயரமுள்ள கோலை நிறுத்தினால் தெற்கு நோக்கி ஏறக்குறைய 5 சென்டிமீட்டர் நிழல் விழும். சூரியன் ஒன்றே, கோலும் ஒன்றே, நிழல் மட்டும் வேறுபடுவானேன்? சூரியன் மிகத் தொலைவில் இருப்பதால் அதன் கதிர்கள் எல்லா ஊர்க்கும் ஏறத்தாழ ஒரே திசையில் வருகின்றன. பூமி தட்டையாயின் எல்லா ஊர்க்கோலுக்கும் நிழல் ஒன்றாகவே இருத்தல் வேண்டும். பூமி உருண்டையாக வளைந்திருத்தலினால், பெங்களூர்க் கோலும் மதுரைக் கோலும் வெவ்வேறு திசையை நோக்கி நிற்கின்றன. நிழலின் வேற்றுமைக்கு அதுவே காரணம்.

இரவிலும் இதற்கொரு சான்று உண்டு. வடக்கே துருவ விண்மீன் பெங்களூரில் அடிவானத்திற்கு மேல் 13 பாகை உயரத்தில் காணப்படும். கையை நீட்டி முட்டியை மடக்கினால் முட்டியின் அகலம் ஏறக்குறைய 10 பாகை. ஆதலின் ஒரு முட்டியும் இரண்டு விரற்கடையும் அளந்தால் அவ்விடம் கிட்டும். டில்லியில் அதே விண்மீன் மூன்று முட்டி உயரத்தில் நிற்கும். யாழ்ப்பாணத்தில் ஒரு முட்டி உயரத்தில் நிற்கும். பூமத்திய ரேகையைக் கடந்து தெற்கே செல்வார்க்கு அது மறைந்துவிடும். உருண்டையான பூமியின்மேல் நடப்பவர்க்கன்றி இங்ஙனம் தோன்றாது.

இவ்வுருண்டை ஒரு நாளைக்கு ஒருமுறை தன்னைத்தானே சுற்றுகின்றது. பெங்களூர் மக்களாகிய நாம் அச்சுழற்சியினால் மணிக்கு 1,600 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் கிழக்கு நோக்கிக் கொண்டு செல்லப்படுகின்றோம். நம்முடன் நிலமும் நீரும் காற்றும் ஒருங்கே செல்வதால் அதனை உணர்வதில்லை. சூரியனும் விண்மீன்களும் கிழக்கே எழுந்து மேற்கே சாய்வதாகத் தோன்றுவது இதனாலேயே. கி.பி. 499 இல் ஆரியபட்டர் தம் நூலில் பூமி சுழல்வதை எடுத்துக் கூறினார்.

2. சந்திரனும் இருபத்தேழு மைல்கற்களும்

சந்திரன் நம்மிலிருந்து சராசரி 3,84,400 கிலோமீட்டர் தொலைவில் பூமியைச் சுற்றி வருகின்றது. அதற்குச் சொந்த ஒளி இல்லை. சூரியனின் ஒளி அதன் ஒரு பாதியில் எப்பொழுதும் விழுகின்றது. அவ்வொளிப் பாதியில் நமக்குத் தெரியும் பகுதி கூடுவதும் குறைவதுமே வளர்பிறையும் தேய்பிறையும் ஆகும். ஒரு பௌர்ணமியிலிருந்து அடுத்த பௌர்ணமிக்கு ஏறக்குறைய 29½ நாள் ஆகின்றது.

விண்மீன்களை அடையாளமாக வைத்துப் பார்த்தால், சந்திரன் புறப்பட்ட விண்மீனிடம் மீண்டும் வந்து சேர்வதற்கு 27 நாளும் ஏறக்குறைய 8 மணியும் ஆகின்றன. இதனைக் கண்ட பண்டையோர், சந்திரன் செல்லும் வழியை நாளுக்கொன்றாக 27 பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் அங்குள்ள விண்மீனின் பெயரை இட்டனர். அசுவினி முதல் ரேவதி வரையுள்ள 27 நட்சத்திரங்கள் இவையே. இது நல்ல கணக்கு. கூர்த்த அறிவினர் செய்த பயனுள்ள வேலை. சாலையோரத்தில் மைல்கற்களை நட்டது போல, வானச் சாலையில் அவர்கள் பெயர்களை நட்டனர்.

நம் மாதங்களின் பெயர்களும் இங்கிருந்தே வந்தன. எம்மாதப் பௌர்ணமியில் சந்திரன் எவ்விண்மீனை ஒட்டி நிற்கின்றதோ, அவ்விண்மீனின் பெயர் அம்மாதத்திற்கு ஆயிற்று. வைசாகப் பௌர்ணமி இரவில் சந்திரனின் அருகே நோக்குங்கள். விசாக விண்மீன்கள் அப்பக்கத்திலேயே இருக்கும். கார்த்திகைப் பௌர்ணமியில் ஆறு மீன் கூட்டமாகிய கார்த்திகை அருகே இருக்கும். நாம் கொண்டாடும் திருநாளின் பெயரிலேயே ஒரு வானநூற் பாடம் அடங்கியிருத்தலை இங்ஙனம் காணலாம்.

இனி ஒருவருடைய பிறந்த நட்சத்திரம் என்பது யாது? அவர் பிறந்தபோது சந்திரன் எந்த மைல்கல்லைக் கடந்துகொண்டிருந்தது என்பதே. வண்டி ஒன்று இருபதாம் மைல்கல்லைத் தாண்டும் நேரத்தில் ஊரில் ஒரு குழந்தை பிறந்தால், அக்கல் அக்குழந்தைக்கு என்ன செய்யும்?

3. கிரகணம் என்னும் நிழல்

பூமிக்கும் சந்திரனுக்கும் நிழல் உண்டு. சூரியனுக்கும் பூமிக்கும் நடுவே சந்திரன் வந்து, அதன் நிழல் பூமியில் விழுந்தால் அது சூரிய கிரகணம். அஃது அமாவாசையன்றே நிகழும். பூமியின் நிழலுக்குள் சந்திரன் புகுந்தால் அது சந்திர கிரகணம். அஃது பௌர்ணமியன்றே நிகழும். அங்ஙனமாயின் ஒவ்வோர் அமாவாசையிலும் பௌர்ணமியிலும் கிரகணம் நிகழாதது ஏன்? சந்திரனின் பாதை பூமியின் பாதைக்கு ஏறக்குறைய 5 பாகை சாய்ந்துள்ளது. ஆதலின் நிழல் பெரும்பாலும் மேலாகவோ கீழாகவோ தவறிச் செல்கின்றது. இரு பாதைகளும் வெட்டிக்கொள்ளும் புள்ளிகளை ஒட்டி மூன்றும் ஒரே கோட்டில் அமைந்தால்தான் கிரகணம். ராகு, கேது என்று பாம்புகளாகச் சொல்லப்பட்டவை அவ்விரண்டு புள்ளிகளே. அவ்விடத்தில் பாம்பும் இல்லை. ஒரு கல் கூட இல்லை. கணக்கில் மட்டும் உள்ள இரு இடங்கள் அவை.

2025 செப்டம்பர் 7 ஆம் நாள் இரவு, பெங்களூரிலும் காணத்தக்க முழுச் சந்திர கிரகணம் நிகழ்ந்தது. நள்ளிரவை ஒட்டி 82 நிமிடம் சந்திரன் முழுதும் நிழலுள் நின்றது. பூமியின் காற்று சூரிய ஒளியை வளைத்துச் சிவந்த பகுதியை மட்டும் நிழலுக்குள் அனுப்பும். முழுக் கிரகணச் சந்திரன் செம்பு நிறமாகத் தோன்றுவது அதனாலேயே. நிழலின் விளிம்பு வட்டமாக இருப்பதே பூமி உருண்டை என்பதற்கு மற்றுமொரு சான்று.

2019 டிசம்பர் 26 ஆம் நாள் கோயம்புத்தூர், திண்டுக்கல் ஆகிய ஊர்களில் சூரியன் ஒளி வளையமாகக் காட்சி தந்தது. அவை நிகழும் நாளும் நிமிடமும் பல்லாண்டுகளுக்கு முன்பே கணிக்கப்பட்டிருந்தன. கணக்கிற்கு அடங்கும் நிழல், கருவுற்ற பெண்ணின் வயிற்றிலுள்ள குழந்தைக்குத் தீங்கு செய்வதில்லை. அவளை இருட்டறையில் அடைத்து, நீரும் உணவும் மறுப்பதே தீங்கு. ஆயினும் ஓர் எச்சரிக்கை உண்டு. சூரியனைக் கிரகணத்திலும் பிற நாளிலும் வெறுங்கண்ணால் நோக்கலாகாது. அதற்கென்று செய்த தகுதியான கண்ணாடியின்றி நோக்கினால் கண் கெடும். இஃது ஒளியின் இயல்பு, தோஷம் அன்று. சந்திர கிரகணத்தையோ வெறுங்கண்ணால் தடையின்றிக் காணலாம்.

4. சூரியக் குடும்பம்

சூரியனைச் சுற்றி எட்டுக் கோள்கள் செல்கின்றன: புதன், வெள்ளி, பூமி, செவ்வாய், வியாழன், சனி, யுரேனஸ், நெப்டியூன். இவற்றின் பருமையையும் தொலைவையும் எண்களால் மட்டும் சொன்னால் மனத்தில் நில்லா. ஆதலின் சூரியனை ஒரு மீட்டர் அகலமுள்ள உருண்டையாகச் சுருக்கி, பெங்களூர் விதானசௌதாவின் வாயிலில் வைத்தோம் என்று கொள்வோம்.

அவ்வளவையில் பூமி ஒரு பட்டாணியளவே இருக்கும். அப்பட்டாணியை வைக்க வேண்டிய இடம் 107 மீட்டர் தொலைவு. சந்திரன் கேழ்வரகு மணியை விடச் சற்றே பெரியது. பட்டாணியிலிருந்து ஒரு சாண் தாண்டிச் சில விரற்கடையில் அது நிற்கும். வியாழன் 10 சென்டிமீட்டர் உருண்டையாக அரைக் கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும். சனி ஒரு கிலோமீட்டரில் இருக்கும். கடைசிக் கோளாகிய நெப்டியூன் எலுமிச்சம்பழத்தினும் சிறியதாய் 3 கிலோமீட்டருக்கு அப்பால் வேறொரு பேட்டையில் கிடக்கும். இடையிலுள்ள இடமெல்லாம் வெறுமை.

அடுத்த விண்மீனை எங்கே வைப்பது? அதே அளவையில் ஏறக்குறைய 28,800 கிலோமீட்டர் தொலைவில் வைத்தல் வேண்டும். பூமியின் குறுக்களவு 12,742 கிலோமீட்டர். ஆதலின் நம் சிறு படத்தில் அடுத்த விண்மீனுக்கு இப்பூமியிலேயே இடமில்லை.

5. விண்மீன்களும் மூலமும்

சூரியனும் ஒரு விண்மீனே. அருகில் இருப்பதால் பெரிதாகத் தோன்றுகின்றது. அதன் மேற்பரப்பு ஏறக்குறைய 5,500 பாகை சென்டிகிரேடு வெப்பமுடையது; நடுவில் ஒன்றரைக் கோடி பாகை. அங்கே ஹைட்ரஜன் அணுக்கள் இணைந்து ஹீலியமாக மாறும்போது வெளிப்படும் ஆற்றலே நமக்கு வெயிலாக வருகின்றது.

ஹீலியத்தின் வரலாற்றில் நம் தென்னாட்டிற்கும் பங்குண்டு. 1868 ஆகஸ்டு 18 ஆம் நாள் முழுச் சூரிய கிரகணத்தைக் காணப் பிரெஞ்சு அறிஞர் ஜான்சென் குண்டூருக்கு வந்தார். சூரிய ஒளியை நிறங்களாகப் பிரித்துக் காட்டும் கருவியால் சூரியனின் விளிம்பை ஆராய்ந்தார். அக்கிரகணத்தின்போதும் அதனை அடுத்த மாதங்களிலும் நிகழ்ந்த ஆராய்ச்சிகளில், அதுவரை அறியப்படாத ஒரு பொருளைக் குறிக்கும் மஞ்சட்கோடு தெளிவாயிற்று. அப்பொருளுக்கு ஹீலியம் என்று பெயரிட்டனர். பூமியில் அது பிடிபட்டது 1895 இல்தான். எட்டாத பொருள் எதனால் ஆயது என்பதை அதன் ஒளியே சொல்லும் என்பதற்கு இது சிறந்த சான்றாகும்.

விண்மீன்களின் தொலைவை ஒளியாண்டால் அளப்பர். ஒளி ஒரு நொடியில் ஏறக்குறைய 3,00,000 கிலோமீட்டர் செல்லும். ஓராண்டில் அது செல்லும் தொலைவே ஓர் ஒளியாண்டு. சந்திரனிலிருந்து ஒளி 1¼ நொடியிலும், சூரியனிலிருந்து 8 நிமிடம் 20 நொடியிலும் வருகின்றது. சுவாதியிலிருந்து வர 37 ஆண்டுகள். ரோகிணியிலிருந்து 65 ஆண்டுகள். சித்திரையிலிருந்து ஏறக்குறைய 250 ஆண்டுகள். கார்த்திகையிலிருந்து ஏறக்குறைய 440 ஆண்டுகள். பஞ்சாங்கத்தில் அடுத்தடுத்து எழுதப்பட்ட பெயர்கள் உண்மையில் ஒன்றுக்கொன்று இத்துணை விலகியவை.

இப்பொழுது மூலத்திற்கு வருவோம். தேள் போன்ற விண்மீன் கூட்டம் ஒன்றைச் சூன் மாத இரவுகளில் தெற்கு வானில் காணலாம். அதன் நெஞ்சில் செந்நிறமாக ஒளிர்வது கேட்டை. வளைந்த வாலின் முனையில் உள்ளவை மூலம். அவை நூற்றுக்கணக்கான ஒளியாண்டுகளுக்கு அப்பால் உள்ளன. இன்று நாம் காணும் மூலத்தின் ஒளி, நம் பாட்டன் பூட்டன் பிறப்பதற்கு முன்னே அதனை விட்டுப் புறப்பட்டது. ஒரு பெண் பிறந்த நாளில் சந்திரன் அத்தேள்வாலுக்கு நேராக, ஆனால் அதனினும் எத்தனையோ கோடி மடங்கு அண்மையில், கடந்து சென்றது. நடந்தது அவ்வளவே.

ஒரு சிறு கணக்கும் போட்டுப் பாருங்கள். உலக மக்கள் தொகை 800 கோடிக்கு மேல். 27 நட்சத்திரங்களுக்கும் பங்கிட்டால் ஒன்றுக்கு ஏறக்குறைய 30 கோடிப் பேர். அவர்களில் பாதியர் பெண்கள். ஆகவே மூலத்தில் பிறந்த பெண்கள் ஏறக்குறைய 15 கோடியர். சீனத்திலும் ஜப்பானிலும் ஆப்பிரிக்காவிலும் அவர்கள் மணம் புரிந்து வாழ்கின்றனர். அவர்தம் மாமனார்கள் மட்டும் தனியே மடிகின்றார்கள் என்று எந்நாட்டுக் கணக்கிலேனும் கண்டார் உண்டோ? இக்கணக்கைப் போடப் பெரும் படிப்பு வேண்டுவதில்லை. வகுத்தல் தெரிந்தால் போதும். போடாதிருந்ததே நம் குறை.

6. பால்வழியும் அதற்கப்பாலும்

நகர விளக்குகளை விட்டு நீங்கி, மலையிலோ சிற்றூரிலோ நின்று நோக்கினால், வானத்தின் குறுக்கே வெண்புகை போன்ற ஒரு பட்டை தெரியும். அதுவே பால்வழி. அதில் பத்தாயிரங்கோடிக்கு மேற்பட்ட விண்மீன்கள் உள்ளன. அவற்றுள் ஒன்று நம் சூரியன். பால்வழியின் குறுக்களவு ஏறக்குறைய ஒரு லட்சம் ஒளியாண்டு. நாம் அதன் நடுவில் இல்லை. நடுவிலிருந்து ஏறக்குறைய 26,000 ஒளியாண்டு தள்ளி ஒரு புறத்தில் இருக்கின்றோம்.

பால்வழியைப் போன்ற விண்மீன் தொகுதிகள் எண்ணிறந்தன. அவற்றுள் நமக்கு அண்மையிலுள்ள பெருந்தொகுதி ஆண்ட்ரோமீடா. அஃது 25 லட்சம் ஒளியாண்டுத் தொலைவில் உள்ளது. இருண்ட இடத்தில் வெறுங்கண்ணுக்கும் அது மங்கலாகப் புலப்படும். தொலைவிலுள்ள தொகுதிகள் ஒன்றைவிட்டு ஒன்று விலகிச் செல்வதை 1929 இல் அமெரிக்க அறிஞர் ஹப்பிள் அளவு காட்டி நிறுவினார். அவ்விரிவைப் பின்னோக்கிக் கணக்கிட்டும், பிற சான்றுகளை ஒப்பிட்டும், விரிவு தொடங்கி ஏறக்குறைய 1,380 கோடி ஆண்டுகள் ஆயின என்று அறிஞர் கண்டுள்ளனர். பூமியின் வயது ஏறக்குறைய 454 கோடி ஆண்டு.

விண்மீன்களும் தோன்றி, நிலைத்து, மாய்கின்றன. நம் குருதியிலுள்ள இரும்பு பழைய விண்மீன்களின் உள்ளே ஆனது. ஒருவனுடைய இரும்புக்கும் மற்றவனுடைய இரும்புக்கும் உயர்வு தாழ்வு இல்லை.

7. நம் நாட்டார் செய்த பணி

இவையெல்லாம் அயல்நாட்டார் ஆக்கிய அறிவு என்று எண்ண வேண்டா. சென்னையில் 1792 இல் வானாய்வு நிலையம் நிறுவப்பட்டது. அங்கே பணிசெய்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி 1867 இல் ஒளி மாறும் விண்மீன் ஒன்றைக் கண்டுபிடித்தார். பின்னர்ச் சூரியனை ஆராய்வதற்காகக் கோடைக்கானலில் 1899 இல் நிலையம் அமைந்தது. நூறாண்டுகளுக்கு மேலாக அங்கே சூரியனின் படங்கள் எடுக்கப்பட்டு வந்துள்ளன.

1927 இல் சென்னையில் பிறந்த வேணு பாப்பு, ஜவ்வாது மலையில் காவலூர் என்னும் இடத்தைத் தேர்ந்து அங்கே வானாய்வு நிலையத்தை அமைத்தார். 1968 இல் 38 சென்டிமீட்டர் தொலைநோக்கியுடன் அது தொடங்கிற்று. 1977 மார்ச்சு 10 ஆம் நாள், யுரேனஸ் ஒரு விண்மீனை மறைக்கும் நிகழ்ச்சியின்போது, அவ்விண்மீனின் ஒளி இடையிடையே மங்கியது. யுரேனசைச் சுற்றி வளையங்கள் உண்டு என்பது அதனால் வெளிப்பட்டது. அந்த மங்கலைப் பதிவு செய்த இடங்களுள் காவலூரும் ஒன்று. 1986 இல் அங்கே நிறுவப்பெற்ற 234 சென்டிமீட்டர் தொலைநோக்கியின் கண்ணாடி பெங்களூரிலேயே தேய்த்து மெருகிடப்பட்டது. 1988 இல் ராஜமோகன் என்பார் காவலூரிலிருந்து கண்ட சிறுகோளுக்குக் கணித மேதை ராமானுஜன் பெயர் இடப்பட்டது.

இவற்றையெல்லாம் நடத்தும் இந்திய வானியற்பியல் நிலையம் பெங்களூர் கோரமங்களாவில் உள்ளது. நகரை அடுத்த ஹோசகோட்டையில் அமர்ந்தவாறே, லடாக்கின் ஹான்லேயில் 4,500 மீட்டர் உயரத்திலுள்ள தொலைநோக்கியை அதன் அறிஞர்கள் செயற்கைக்கோள் வழியாக இயக்குகின்றனர். 2023 செப்டம்பர் 2 இல் சூரியனை ஆராயச் சென்ற ஆதித்யா விண்கலத்தின் முதன்மைக் கருவியும் இந்நிலையத்தார் ஆக்கியதே.

8. சுரங்கத்தினுள் ஒரு வானாய்வு

நம் மக்களுக்கு மிக நெருங்கியதான ஒரு வானாய்வு மலையுச்சியில் நடைபெறவில்லை. கோலார் தங்கவயலின் அடியில் நடைபெற்றது. வட ஆர்க்காடு முதலிய மாவட்டங்களிலிருந்து சென்ற தமிழ்த் தொழிலாளர் தலைமுறை தலைமுறையாகப் பாறையைக் குடைந்து உழைத்த சுரங்கம் அது.

விண்வெளியிலிருந்து காஸ்மிக் கதிர்கள் இடைவிடாது பூமியின் காற்றில் வந்து மோதுகின்றன. அம்மோதலில் பலவகைத் துகள்கள் பிறக்கின்றன. அவற்றுள் நியூட்ரினோ என்பது பூமியையே ஊடுருவிச் செல்லவல்லது. தரைமேல் வைத்த கருவியில் ஏனைய துகள்கள் மழைபோல் வந்து விழுவதால் நியூட்ரினோவைப் பிரித்தறிதல் இயலாது. ஆதலின் பிற துகள்களைத் தடுத்து நிறுத்தும் தடித்த பாறைக் கூரை வேண்டப்பட்டது. உலகின் மிக ஆழமான சுரங்கங்களுள் ஒன்றாகிய கோலார் அதற்கு ஏற்றதாயிற்று. பம்பாய் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தாரும், ஜப்பானின் ஒசாகா, இங்கிலாந்தின் டர்ஹாம் ஆகிய இடங்களின் பல்கலைக்கழகத்தாரும் சேர்ந்து, ஏறக்குறைய 2,300 மீட்டர் ஆழத்தில் கருவிகளை வைத்தனர். காற்றில் பிறந்த நியூட்ரினோ விட்ட அடையாளத்தை 1965 இல் கண்டனர். அதே காலத்தில் தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கம் ஒன்றிலும் அது காணப்பட்டது. இவ்விரண்டுமே உலகில் முதன்முதலாகும்.

சுரங்கம் 2001 இல் மூடப்பட்டது. எனினும், அங்கே குழி தோண்டியவர்களின் உழைப்பு வானநூலின் வரலாற்றில் நிலைத்துள்ளது. அவர்கள் தோண்டிய தங்கத்தின் பிறப்பும் வானிலேயே ஆம். மிக நெருங்கிச் சுழலும் இரு நியூட்ரான் விண்மீன்கள் மோதும்போது தங்கம் போன்ற கனமான தனிமங்கள் உண்டாகின்றன என்பதற்குச் சான்று 2017 ஆகஸ்டில் கிட்டிற்று. விண்மீன் பலன் கேட்டுக் கைகட்டி நின்ற மக்களின் கைகளே, விண்மீன் ஈன்ற பொருளைப் பாறையிலிருந்து வெட்டி எடுத்தன.

முடிவுரை

பூமி, சந்திரன், கோள்கள், விண்மீன்கள், பால்வழி என்று படிப்படியாக நோக்கினோம். எங்கும் காரணமும் காரியமுமே கண்டோம். ஒருவரை உயர்த்தவோ தாழ்த்தவோ எண்ணுகின்ற விண்மீன் ஒன்றையும் காணவில்லை. இனி உங்கள் வீட்டிலோ அண்டை வீட்டிலோ மூலம் என்று சொல்லி ஒரு பெண்ணை மறுப்பாராயின், சினந்து வாதிட வேண்டா. அவரை இரவில் மாடிக்கு அழைத்துச் சென்று தேளின் வாலைக் காட்டுங்கள். அதன் தொலைவைச் சொல்லுங்கள். பதினைந்து கோடிப் பெண்களின் கணக்கை அவரையே போடச் சொல்லுங்கள். மைல்கல்லைக் கண்டு அஞ்சி நின்றவர், அதனைப் படித்து வழி நடக்கத் தொடங்குவார்.

பயிற்சிகள்

(1) முப்பது இரவுகள் தொடர்ந்து, சந்திரன் தோன்றும்போது அதன் வடிவத்தையும் அருகிலுள்ள விண்மீன்களையும் ஓர் ஏட்டில் வரைக. எத்தனை நாளில் அது பழைய இடத்திற்கு மீள்கின்றது?

(2) ஒரு மீட்டர் கோலை மாடியில் செங்குத்தாக நிறுத்தி, வாரம் ஒருமுறை நண்பகல் நிழலை அளந்து எழுதுக. நிழல் வடக்கே விழும் நாட்கள் எவை? தெற்கே விழும் நாட்கள் எவை?

(3) துருவ விண்மீனின் உயரத்தை முட்டியால் அளந்து, வெளியூரிலுள்ள உறவினர் ஒருவரையும் அளக்கச் சொல்லி ஒப்பிடுக.

(4) பெங்களூர் சௌடையா சாலையில் 1989 இல் அமைக்கப்பட்ட நேரு கோளரங்கத்திற்குப் பிள்ளைகளை ஒருமுறை அழைத்துச் செல்க. திரும்பி வந்தபின், கண்டதை அவர்கள் உங்களுக்கு விளக்கட்டும்.